மாமனாரின் அப்பாவுக்கு மீசை வைத்த கதை

தெரியாது என்று சொல்லத் தெரியாதவன் நான். இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஐம்பது வயதாக வேண்டியிருந்தது. (ஐம்பத்திரண்டு என்று அடுப்படியிலிருந்து திருத்தம் வருகிறது. என் மனைவி செல்விக்கு என் எழுத்தைப் படிக்கப் பிடிக்காது, திருத்தப் பிடிக்கும்.) பேருந்து நிலையத்தில் யாராவது வழி கேட்டால், நான் காலே வைத்திராத தெருவுக்கும் இடது வலது சொல்லி அனுப்பிவைப்பேன். அப்படிப் போனவர்களில் எத்தனை பேர் இன்னும் மாட்டுத்தாவணியைச் சுற்றிக்கொண்டிருக்கிறார்களோ. அவர்கள் எல்லாரும் என்னை மன்னித்துவிடக்கூடும். ஒருவர் மன்னிக்கவில்லை. அவருக்கு நான் வழி சொல்லவில்லை. அப்பாவைச் சொன்னேன். ஒரு பழைய படத்தைக் காட்டி, இவர்தான் உங்கள் அப்பா என்று சொன்னேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் ஒரு டுடோரியல் கல்லூரியில் தமிழ் வாத்தியார். பத்தாம் வகுப்பில் இரண்டு முறை தோற்றவர்களுக்கு மூன்றாம் முறையும் தோற்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மாலையானால் சிம்மக்கல்லில் ஒரு பிரவுசிங் சென்டர். பிளைவுட் தடுப்பு, ஆடும் நாற்காலி, எழுத்து அழிந்த விசைப்பலகை. அங்கே உட்கார்ந்துதான் ‘பழைய மதுரைப் படங்கள்’ என்ற மின்குழுமத்தில் நான் பேரறிஞனாக வாழ்ந்தேன்.

வெளிநாட்டு நூலகங்கள் தங்கள் பெட்டிகளைத் திறந்து, வெள்ளைக்காரர்கள் எடுத்த பழைய படங்களை இணையத்தில் போட ஆரம்பித்திருந்த காலம். குழுமத்தில் யாராவது ஒரு படத்தைக் கண்டெடுத்துப் போடுவார்கள். அது மேலிருந்து கீழாக, வானம், கோபுரம், கூரை, தலை, தோள் என்று வரிவரியாக இறங்கும். கால் வந்து சேர்வதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். அந்த இறக்கத்தில் ஒரு மயக்கம் உண்டு. செத்தவர்கள் யாரோ படி இறங்கி நம்மைப் பார்க்க வருவதுபோல இருக்கும். வந்தவரை வாங்க என்று கூப்பிட வேண்டாமா? பெயர் தெரியாமல் எப்படிக் கூப்பிடுவது? அங்கேதான் என் வேலை ஆரம்பமாகும்.

நிழல் விழும் திசையைப் பார்த்துத் தெருவைச் சொல்வேன். மாட்டின் கொம்பைப் பார்த்து ஊரைச் சொல்வேன். ‘கூடல்வாசன்’ என்பது என் புனைபெயர். (அப்போது அதில் ஒரு கம்பீரம் தெரிந்தது. இப்போது மளிகைக்கடைச் சீயக்காய்ப் பொட்டலம் தெரிகிறது.) மஸ்கட்டில் ஃபிட்டராக இருந்த சேகருக்கு எந்தப் படத்தைப் பார்த்தாலும் அதன் ஓரத்தில் அவருடைய சித்தப்பாவின் சைக்கிள் கடை தெரிந்துவிடும். சைக்கிளே வந்திராத காலத்துப் படமாயிருந்தாலும் மரத்துக்குப் பின்னால் கடை இருக்கும். டல்லாஸ் மீனா எல்லாப் படத்துக்கும் அழுவார். ‘கண்ணு கலங்குது கூடல்வாசன் சார்’ என்று அவர் எழுதினால் எனக்கு ஒரு வாரத்துக்குச் சோறு வேண்டாம்.

இந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு கசப்பு மாத்திரை இருந்தார். ஜம்புலிங்கம். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எல்லீஸ் நகரில் இருந்தார். நாங்கள் எல்லாரும் பொங்கிப் பொங்கி எழுதி முடித்ததும் கடைசியாக ஒரு வரி எழுதுவார்: ‘உறுதியாகச் சொல்வதற்கில்லை.’ அவ்வளவுதான். எரிந்துகொண்டிருக்கும் மத்தாப்பை எடுத்து வாளித் தண்ணீரில் முக்கியதுபோல இருக்கும்.

இப்போது என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களுடையது காதல் கல்யாணம். நான் மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் வேறு பாஷை, வாசலில் தமிழ். எங்கள் வீட்டுச் சுவர்களில் செத்தவர்களுக்கு இடப் பற்றாக்குறை. ஜரிகைத் தலைப்பாகை வைத்த பாட்டன், அவருக்கு அண்ணன், அவர் வளர்த்த மைனா வரைக்கும் சட்டம் போட்டு மாட்டியிருக்கும். செல்வி, மேலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அடுத்தவர் வயலில் தலைமுறை தலைமுறையாக நாற்று நட்ட குடும்பம். அவள் அப்பா முத்துக்கருப்பன்தான் அந்த வீட்டில் முதன்முதலாகச் சம்பளம் வாங்கியவர். மின்வாரியத்தில் லைன்மேனாகச் சேர்ந்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர். எங்கள் கல்யாணத்துக்கு என் அப்பா வரவில்லை. மாமனார் வந்தார். வந்து, தாலி கட்டி முடிந்ததும் என்னைப் பார்த்துக் கைகூப்பி, “வாரேன் சார்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சார். மருமகனைச் சார் என்று கூப்பிட்ட மாமனார் மதுரை ஜில்லாவிலேயே அவர் ஒருவர்தான். செல்வியிடம் முறையிட்டேன். “வாத்தியார்தான நீங்க, சார்னு கூப்டாம டீச்சர்னா கூப்டுவாக?” என்றாள். ஆனால் எனக்குப் புரிந்தது. ‘மாப்ள’ என்பது ஒரு கதவு. அதை அவர் சாத்தி வைத்திருந்தார். உன் வீட்டார் என் வாசலை மிதிக்காதவரை நீயும் திண்டாடு என்பதாக இருக்கலாம். நியாயம்தான். ஆனால் எனக்கு அந்தக் கதவு திறக்க வேண்டும். பித்துப் பிடித்ததுபோல வேண்டும்.

மேலூரில் அவர் கட்டிய சிறிய வீட்டின் கூடத்தில் இரண்டு ஆணிகள். ஒன்றில் அவர் அம்மாவின் படம், மாலையோடு. அதற்குப் பக்கத்தில், அதே உயரத்தில், இன்னோர் ஆணி. அதில் எதுவும் இல்லை. காலண்டர் மாட்டக்கூட விடமாட்டார். அது அவர் அப்பா வெள்ளையனுக்கு.

வெள்ளையன், மகன் பிறப்பதற்கு முன்பே கால்வாய் வேலைக்குப் போன இடத்தில் பேதி வந்து செத்துப்போனவர். படம் கிடையாது. அந்தக் காலத்தில் அந்தச் சனத்தை யார் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள்? மாமனாரிடம் இருந்ததெல்லாம் அவர் அம்மா சொன்ன மூன்று அடையாளங்கள். நெடுநெடுவென்று உயரம். தலைப்பாவை அவிழ்க்கவே மாட்டார். ஒரு காது மடல் கிழிந்திருக்கும், சண்டையில் எவனோ கடுக்கனைப் பிடித்து இழுத்துவிட்டான். அந்த மூன்றையும் அறுபது வருடமாக மனசுக்குள் சேர்த்துச் சேர்த்துப் பார்த்திருக்கிறார் மனிதர், முகம் மட்டும் சேரவில்லை.

ஒரு மாலை அந்தப் படம் என் திரையில் இறங்கியது. முதலில் வானம். பிறகு ஒரு கால்வாய்க் கரை. முன்னால் மடக்கு நாற்காலியில் ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர், காலடியில் ஒரு நாய். பின்னால் கரை நெடுக மண் சுமக்கும் கூலிகள், எறும்புச் சாரியாக. கீழே நூலகத்துக் குறிப்பில் துரையின் பெயர் இருந்தது. நாயின் பெயரும் இருந்தது, ரோவர். கூலிகளுக்கு ‘கூலிகள், மதுரை ஜில்லா’ என்று மொத்தமாக மூன்று சொல். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. அன்று எரியவில்லை. அன்று நான் கூட்டத்தில் ஒருவரைப் பார்த்துவிட்டேன். எல்லாரையும் விட ஒரு தலை உயரம். தலையில் தலைப்பா. அதன்மேல் மண் கூடை. பக்கவாட்டு முகம். தோளில் துண்டு. காது மடல் அறுந்து தொங்குகிறது.

படம் மொத்தமே தீப்பெட்டி அளவு. அந்த ஆள் அரைத் தீக்குச்சி அளவு. அவர் காது எவ்வளவு இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

குழுமத்தில் எழுதினேன். என்னத்தைச் சொல்ல, அழகாக எழுதினேன். ‘பெயரற்றவர்களின் வரிசையிலிருந்து ஒருவர் இன்று தன் பெயரோடு வெளியே வருகிறார். இவர் வெள்ளையன்.’ மீனா அழுதார். சேகர், அந்தத் தலைப்பாக் கட்டு மேலூர்க் கட்டுத்தான் என்றும், அந்த மதகுக்குப் பக்கத்தில்தான் சித்தப்பாவுக்குக் கடை என்றும் உறுதிசெய்தார். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் அந்த மண்ணின் நிறத்தை வைத்து ஊரைச் சொன்னார். (கருப்புவெள்ளைப் படம்.) நாற்பது பேர், நான்கு நாடு, ஒருவர்கூட வெள்ளையனைப் பார்த்ததில்லை. நாலு நாளில் எல்லாருக்கும் அவரை நன்றாகத் தெரிந்துவிட்டது.

ஜம்புலிங்கம் கடைசியில் வந்தார். ‘படம் மிகச் சிறியது. அந்த நூலகத்துக்குப் பெரிய பிரதி கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறேன். வரும்வரை பொறுக்கலாமே.’

நான் எழுதிய பதில் எனக்கு இன்னும் மனப்பாடம். மறக்க முயன்றும் போகவில்லை. ‘வரலாற்றைப் பார்க்க உருப்பெருக்கி போதாது ஐயா, உள்ளுணர்வு வேண்டும்.’

மேலூர் பஸ்ஸில் ஏறினேன். அன்றைக்கும் எனக்கு முன்சீட்டில் கிராமத்துப் பெண்கள் இரண்டு பேர், தண்டட்டி போட்டு இழுத்த நீண்ட காதுகள் பஸ் குலுங்கும்போதெல்லாம் தோளில் இடிக்க, பேசிக்கொண்டே வந்தார்கள். அந்தக் காதுகளையே பார்த்துக்கொண்டு ஒண்ணேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் உறைக்கவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாமனார் ஃபேன் வயரைப் பிரித்துப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

“காது?” என்றார்.

“கிழிஞ்சிருக்கு மாமா.”

“எந்தக் காது?”

“ஒரு காதுதான் தெரியுது. அதுதான்.”

“சார், நான் முப்பத்தி நாலு வருசம் லைன்ல ஏறி எறங்குனவன். கம்பியத் தொடுறதுக்கு முன்னால நூறு தடவ கேப்பேன், சப்ளை ஆஃபான்னு. சந்தேகம் இருந்தா இப்பவே சொல்லிருங்க. நான் ஏறுன பெறகு சொல்லக் கூடாது.”

“நூத்துக்கு நூறு மாமா. நாலு நாட்டுல இருந்து உறுதி பண்ணிருக்காங்க.”

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கைகளில் ரப்பர் வாசம் இருந்தது. “எம்புட்டு நாளா அந்த ஆணி சும்மா கெடந்துச்சு,” என்றார். பிறகு, “மாப்ள, சாப்ட்டுப் போங்க.”

கதவு திறந்துவிட்டது.

முழுப் படத்தை அவரிடம் காட்டியிருந்தால் இந்தக் கதை இங்கே முடிந்திருக்கும். அந்த வீட்டில் யாரிடம் காட்டியிருந்தாலும் போதும். நான் காட்டவில்லை. கூடையோடு, மண்ணோடு, அரை நிர்வாணமாக நிற்கும் அப்பாவை அவர் தாங்கமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். தாங்கமாட்டாதவன் நான்தான். என் வீட்டு ஜரிகைத் தலைப்பாகைகளுக்கு எதிரில் என் மனைவி வீட்டிலும் சட்டை போட்ட ஒரு பாட்டன் வேண்டியிருந்தது எனக்கு. என் அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டுவதற்கு.

டவுன்ஹால் ரோட்டுக்குப் பின்சந்தில் ஒரு ஸ்டூடியோ. பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் புதிதாக்குகிற ஆள் வாயில் பாக்கோடு உட்கார்ந்திருந்தார்.

“கூடைய எடுத்துருங்க,” என்றேன்.

“எடுத்தாச்சுண்ணே. சட்டையா, கோட்டா? கோட்டுல பன்னெண்டு மாடல் இருக்கு.”

“சட்டை போதும். நெத்தியில விபூதி. காத மட்டும் தொடாதீங்க.”

“மொகம் வழுவழுன்னு இருக்கேண்ணே. மீசையக் காணோமே.”

“பழைய படம்ப்பா, மங்கிப் போச்சு. அந்தக் காலத்து ஆளு, மீசை இல்லாமயா இருப்பாரு?”

“அதுஞ் சரிதேன். எப்படிப் போடட்டும்? முறுக்கியா, தொங்கலா? தொங்கல் போட்டா கணக்குப்பிள்ளை மாதிரி இருக்கும்.”

“முறுக்கியே போடுங்க.”

போட்டார். அப்படியொரு மீசை. அதைப் பார்த்தால் கால்வாயே பயந்து தண்ணீர் விட்டுவிடும். கறுப்புச் சட்டத்துக்குள் வெள்ளையன் வந்து உட்கார்ந்தபோது எனக்கே எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது.

படத்தை வாங்கிய மாமனார் வாய்விட்டு அழுதார். அடுத்த வாரத்துக்கு அடுத்த ஞாயிறு, பதினோரு நாள் கழித்து, படத்திறப்பு என்று முடிவாயிற்று. செத்துப் பதினாறாம் நாள் நடக்க வேண்டியது, அறுபது வருடம் தள்ளி நடக்கிறது. அதுவரை படத்தை வெள்ளைத் துணி போட்டு மூடி அந்த ஆணியில் மாட்டிவிட்டார்கள்.

“தம்பி, ஒங்க மாமா படுத்துற பாடு தாங்கல,” என்று அத்தை, அதாவது என் மாமியார், போனில் சொன்னார். “வெடிஞ்சதும் துணியத் தூக்கிப் பாத்து, ‘யப்பா, வேலைக்குப் போய்ட்டு வாரேன்’ங்குறாரு. ரிட்டையர்டு ஆயி ரெண்டு வருசமாச்சு. எந்த வேலைக்குப் போறாருன்னு எனக்குத் தெரியல.”

இந்தப் பதினோரு நாளும் மாமனார் எனக்குத் தினம் போன் செய்தார். மாப்ள, பந்தல் சொல்லியாச்சு. மாப்ள, வாடிப்பட்டிச் சொந்தம் வேன் வச்சு வருது. மாப்ள, நீங்கதான் பேசணும். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமான பதினோரு நாட்கள் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. அந்தக் கிறக்கத்தில் குழுமத்திலும் அழைப்பு வைத்தேன். உள்ளூர் அன்பர்கள் வருக. நாற்பது அன்பர்களில் ஒரே ஒருவர் வந்தார்.

ஜம்புலிங்கம். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா, அக்குளில் நீளமான ஓர் அட்டைக் குழாய். மேலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார்.

“நீங்கதானே கூடல்வாசன்? ஒரு நிமிஷம் தனியாப் பேசணும்.”

“விழா முடியட்டும் ஐயா.”

நான் வேட்டி கட்டியிருந்தேன். மேல்துண்டு வேறு. கூடத்து வாசலை ஒட்டிப் போட்ட பந்தலில் நூறு பேர். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தார். “தம்பி, நேத்துத்தான் லைப்ரரியில இருந்து பெரிய பிரதி வந்துச்சு. நீங்க ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா...” நான் அவர் தோளில் கைபோட்டு முன்வரிசையில் உட்காரவைத்தேன். என் மனசுக்குள் ஓடியது என்ன தெரியுமா? தோற்றவர் சமாதானத்துக்குப் பரிசு கொண்டுவந்திருக்கிறார். பேச நான் எழுந்தபோது மூன்றாம் முறையாகத் துண்டைப் பிடித்து இழுத்தார். உருவிக்கொண்டேன்.

இருபது நிமிடம் பேசினேன். பெயரற்றவர்கள், வரலாறு, மண், வியர்வை. துணியை மாமனார் விலக்கினார். மீசை வெளியே வந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். சாம்பிராணிப் புகைக்குள் மாமனார் அந்தப் படத்துக்கு மாலை போட்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, “யப்பா” என்றார். பந்தலே மூக்கைச் சிந்தியது.

அத்தோடு நான் உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. “இந்த நேரத்தில் வெளிநாட்டு நூலகத்திலிருந்து ஓர் அரிய பிரதியோடு நம் ஜம்புலிங்கம் ஐயா வந்திருக்கிறார். அதையும் மாமா கையாலேயே விரிக்கட்டும்” என்று மைக்கில் அறிவித்தேன். ஜம்புலிங்கம் எழுந்து, குழாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “இப்ப வேண்டாமே,” என்றார். நான் சிரித்துக்கொண்டே அதை அவரிடமிருந்து பிடுங்கினேன். ஆமாம், பிடுங்கினேன்.

மாமனாரும் என் மைத்துனன் பாண்டியும் ஆளுக்கொரு முனை பிடித்து விரித்தார்கள். கதவு அகலத்துக்குப் படம். ஒவ்வொரு மயிர்க்காலும் தெரிந்தது. துரையின் சட்டைப் பொத்தான், ரோவரின் நாக்கு, மண் கட்டியில் புல். கரையில் நிற்கும் அந்த உயரமான உருவம், ஒரு சாண்.

முதலில் பார்த்தது அத்தை. கல்யாணமான புதிதில் கட்டட வேலைக்குச் சாந்துச் சட்டி சுமந்தவர் அவர்.

“ஏங்க, இது தலப்பா இல்ல. சும்மாடு,” என்றார். கூடை உறுத்தாமலிருக்கத் துணியைச் சுருட்டித் தலையில் வைப்பார்களே, அது. பிறகு விரலை மெதுவாக இறக்கினார். “இது துண்டும் இல்ல. சீலை. காது கிழியல. தண்டட்டிக் காது. நகையக் கழட்டிப்புட்டா. வித்துருப்பா, பாவம்.”

பந்தலில் இருந்தவர்கள் எழுந்து படத்தை நெருங்கினார்கள்.

“கையில வளையல் கெடக்கு,” என்றது ஒரு குரல்.

“பொம்பள,” என்றது இன்னொன்று.

பாண்டி விரித்த படத்தைப் பார்த்தான். சுவரில் மாலையோடு தொங்கிய முறுக்கு மீசையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “மச்சான்,” என்றான், “பொம்பளைக்கா மீசை வச்சீக?”

முதல் சிரிப்பு வாடிப்பட்டி வேனில் வந்தவர்களிடமிருந்து கிளம்பியது. அப்புறம் அணை உடைந்தது. குலவையிட்ட பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். சமையல்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்துச் சிரித்தார். ஜம்புலிங்கம் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமனார் சிரிக்கவில்லை. படத்தின் முனையை விடவும் இல்லை. அத்தை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். “மாசமா இருக்கா,” என்றார், யாரிடம் என்றில்லாமல். “ஆறு மாசம் இருக்கும். இந்த வயித்தோட இம்புட்டு மண்ணச் சொமக்குறா.”

இந்த இடத்தில் எந்த மனிதனும் வாயை மூடிக்கொண்டிருப்பான். எனக்குள் கூடல்வாசன் இன்னும் சாகவில்லை. கால்வாய் வேலை. வயிற்றில் பிள்ளை. மூளை மடமடவென்று முடிச்சுப் போட்டது. “மாமா!” என்றேன். “அப்படின்னா இது ஒருவேளை உங்க அம்மாவா...”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“எங்க ஆத்தா குட்டை,” என்றார். “போதும் சார்.”

சார்.

பிறகு மெதுவாக, பந்தலில் வேறு யாருக்கும் கேட்காதபடி, “ஏறுறதுக்கு முன்னாடி கேட்டேன்ல?” என்றார். “மேல ஏத்திவிட்டு சப்ளை குடுத்துட்டீங்களே சார்.”

லைன் வேலை பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் வசவு கிடையாது. நான் சாப்பிடாமல் பஸ் ஏறினேன். மேலூரிலிருந்து மதுரை வரை நின்றுகொண்டே வந்தேன், உட்கார இடமிருந்தும். பக்கத்தில் ஜம்புலிங்கமும் நின்றுகொண்டே வந்தார். இறங்கும்போது, “நான் முந்தின நாளே வந்திருக்கணும்,” என்றார். தன்மீது பழி போட்டுக்கொள்ள அவருக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது. எனக்குக் கிடைக்கவில்லை.

மறுநாள் குழுமத்தில் அவர் ஒரே ஒரு குறிப்பு எழுதினார். ‘பெரிய பிரதி வந்தது. படத்தில் இருப்பவர் ஒரு பெண். பெயர் தெரியவில்லை.’ என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. மீனா அழுதார். சேகர், அந்த அம்மா சித்தப்பா கடைக்கு எதிரில்தான் குடியிருந்தார் என்றார். நான் ஒன்றும் எழுதாமல் குழுமத்திலிருந்து ஓடிவிட்டேன். திருத்தம் எழுத வேண்டியவன் நான். எழுதவில்லை. அதற்கான கூலி இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது. நான் பெருமைக்காக அங்கே ஏற்றி வைத்த மீசைப் படம் எப்படியோ கைமாறிக் கைமாறி, போன மாதம் என் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது. ‘துரையை எதிர்த்து நின்ற கால்வாய்ச் சிங்கம் வெள்ளையன். உண்மைத் தமிழனாக இருந்தால் பகிரவும்.’

மாமனார் அந்தப் பெரிய படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒரு மாதம் அதைக் கட்டிலில் விரித்து, பூதக்கண்ணாடி வைத்து, கரையில் நின்ற ஒவ்வோர் ஆணின் காதையும் பார்த்தாராம். அத்தை சொன்னார். கிழிந்த காது ஒன்றும் இல்லை. பிறகு கூடத்தில் மூன்றாவதாக ஓர் ஆணி அடித்தார். மீசைப் படத்தை இறக்கிவிட்டு, கூடையோடும் மண்ணோடும் வயிற்றோடும் இருக்கிற அந்தப் படத்தைச் சட்டம் போட்டுப் புது ஆணியில் மாட்டினார். துரையும் நாயும் சட்டத்துக்குள் வராதபடி வெட்டிவிட்டார். மாலை போட்டார்.

செல்வி கேட்டாள், “யாருன்னே தெரியாதேப்பா?”

“பதினோரு நாளு அப்பான்னு கூப்ட்டுட்டேன்,” என்றார். “யாரோ பெத்த புள்ள. கூப்ட்டுட்டு எறக்கிவிடக் கூடாதுல்ல.”

இரண்டாவது ஆணி மறுபடி காலியானது.

எங்கள் வீட்டில் இன்றைக்கு யாராவது ஒரு விஷயத்தை ரொம்ப உறுதியாகச் சொன்னால், “மீசை வரையாத” என்பார்கள். என் மகள் கணிதப் பரீட்சை எழுதிவிட்டு வந்து நூறு வரும் என்றால் மீசை. கேஸ் சிலிண்டர் இன்னும் பத்து நாள் வரும் என்று நான் சொன்னால் மீசை. இந்தச் சொல்லுக்கு எங்கே பொருள் தேடினாலும் கிடைக்காது. தமிழ் மொழிக்கு நான் அளித்த ஒரே கொடை அதுதான். என் கவிதைகளில் ஒரு வரியைக்கூட யாரும் இந்த வீட்டில் சொல்லிக் கேட்டதில்லை.

மாமனார் நாலு வருடத்துக்கு முன்பு போனார். கடைசி வரை சார்தான். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டபோதுகூட, “நீங்க போய்ச் சாப்டுங்க சார்.” அப்பாவின் ஆணியில் தன் படத்தை மாட்டக் கூடாது என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அப்பா என்றைக்காவது வந்தால் எங்கே மாட்டுவது?

பதினாறாம் நாள். அதே கூடம். நாலாவதாக ஓர் ஆணி அடித்திருந்தார்கள். துணி மூடிய படத்தை வைத்துக்கொண்டு எல்லாரும் நின்றோம். அதே வாடிப்பட்டிச் சொந்தங்கள், அதே சாம்பிராணி. அழுது அழுது அத்தைக்குக் கண் வீங்கியிருந்தது. பாண்டி துணியை விலக்கினான். மின்வாரியக் காக்கிச் சட்டையில் மாமனார், உண்மையான மீசையோடு. பாண்டி மாலையைக் கையில் எடுத்தான். போடவில்லை. என் பக்கம் திரும்பினான்.

“மச்சான், இது எங்க அப்பாதான? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

கூடமே வெடித்துச் சிரித்தது. அத்தை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் சொல்கிறார்கள்.

நான் படத்தைப் பார்த்தேன். மாப்ள என்று பதினோரு நாள் கூப்பிட்ட வாய். எல்லாரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். பக்கத்தில் அந்தக் காலி ஆணி, தூசிகூட இல்லாமல். காலையில் யாரோ துடைத்திருக்கிறார்கள்.

“தெரியலப்பா,” என்றேன். “நீயே அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாலையப் போடு.”